தார் படாத சைக்கிள்

சைக்கிள்தான் மனிதனைச் சுமக்கும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலேசியாவில் ஈஜோக் பக்கம் காரில் போகும்போது, ஒரு மனிதர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடப்பதைப் பார்த்தேன். வழுக்கைத் தலை. மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. எதிரே வந்த மணல் லோரிக்காரர் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, பஞ்சரா என்று மலாயில் கேட்டார். இவர் இல்லையென்று தலையாட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்துச் செம்மண்ணில் சைக்கிளை இறக்கி, ஏறி உட்கார்ந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் போய்விட்டார். லோரிக்காரர் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

அவரைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சைக்கிள் வாங்கினேன். இரண்டு நாள் ரவாங் சாலையில் ஓட்டியதில், சர்க்கரைக்கு முந்தி லோரி என்னைக் கொண்டுபோய்விடும் என்று புரிந்தது. சைக்கிள் கடைச் சீனர்தான் சொன்னார்: ஈஜோக் பக்கம் உங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், பெரிய மீசை, கார் வராத பாதையெல்லாம் அவருக்குத் தெரியும், போய்ப் பாருங்கள் என்று.

பெயர் வேண்டாம். எல்லாருக்கும் அவர் பஸ் அண்ணன். முப்பது வருடம் தொழிற்சாலைப் பஸ் ஓட்டியவர். விடியற்காலையில் தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். ஓய்வு பெற்ற மறுநாள் தார் ரோட்டோடு காய் விட்டுவிட்டார்.

"முப்பது வருசம் மா. பிரேக்கு, ஹாரன், பிரேக்கு, ஹாரன். போதும் லா. இனிமே என் டயரு தார தொடாது."

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பேச்சுக்கு எதையும் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அவருடைய எல்லாக் கூத்துக்கும் காரணம் அதுதான்.

ஒருமுறை வெளிநாட்டு வீடியோ ஒன்றைக் கைப்பேசியில் காட்டினேன். குன்று குன்றாகத் திராட்சைத் தோட்டம், நடுவில் சரளைக்கல் பாதை, ஒரு வண்டி கிடையாது. நாலு பேர் சைக்கிளில் சிரித்துக்கொண்டே போகிறார்கள். வழியில் ஓரிடத்தில் இறங்கி, கிளாசில் ஒயின் குடிக்கிறார்கள். பஸ் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"நம்ம எடந்தான் இது. திராட்சைக்கு பதிலா செம்பன. மேடு இருக்கு, பள்ளம் இருக்கு, செம்மண்ணு இருக்கு."

"ஒயினு?"

"அதுக்கு ஒங்கண்ணி போட்டுக் குடுத்த மோரு இருக்கு. குடி."

பாதை கண்டுபிடிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கைப்பேசி வரைபடத்தை நம்பமாட்டார். "அது மேல இருந்து பாக்குது. நாம கீழ இருந்து பாக்கணும்" என்பார். செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு பிளாக்கிலும் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பழம் வெட்டுவார்கள். வெட்டு நடக்கும் பிளாக்கில் டிராக்டர் ஓடும், குலை விழும், மட்டை விழும். நுழைந்தால் தலை தப்பாது. ஆகவே எந்தப் பிளாக்கில் என்றைக்கு வெட்டு என்று தோட்டத்து ஆட்களிடம் கேட்டு, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் எழுதிவைப்பார். ராகு காலம், எமகண்டம், அதற்குக் கீழே "பதினாலாம் நம்பர் பிளாக் வேணாம்". அண்ணி நல்ல நேரம் பார்க்கப் போனால் பிளாக் நம்பர்தான் கண்ணில் படும்.

நாய்களிடமும் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. துரத்தினால் வேகமாக மிதிக்கக் கூடாது. இறங்கி நின்று திட்ட வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாய்களைத் தமிழிலும் காவல் கொட்டகை நாய்களை மலாயிலும் திட்டுவார். இரண்டும் அடங்கிப் போகும். நான் இரண்டு மொழியிலும் திட்டிப் பார்த்தேன். ஒரு நாய்கூட மதிக்கவில்லை.

ஒரு ஞாயிறு, வெயில் ஏறிவிட்டது, எனக்குப் பசி. கண்ணுக்கு எதிரே தார் ரோடு. அதில் முந்நூறு மீட்டர் போனால் ரொட்டி சானாய் கடை. "அண்ணே, முந்நூறு மீட்டர்தான்" என்று கெஞ்சினேன். "நீ போ மா, நான் சுத்தி வர்றேன்" என்றார். நான் போய், இரண்டு ரொட்டி தின்று, தேநீர் குடித்து, பக்கத்து மேசைக்காரருடைய மகனின் கல்யாணக் கதை முழுவதையும் கேட்டு முடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, கடைக்குப் பின்புறம் வாழைத் தோப்புக்குள்ளிருந்து அவர் வந்தார். கணுக்காலில் ஒரு அட்டை தொங்கியது. சட்டையில் முள் கிழித்த கோடு.

"அண்ணே, அட்ட!"

"தெரியும். அவனுக்கும் பசி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தப் பிடிவாதத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். உப்பை அட்டையின் மேல் தூவிக்கொண்டே, "லாபமா?" என்று யோசித்தார். "சொல்லிட்டேன்ல மா." அவ்வளவுதான் பதில்.

அந்த மீசையைப் பற்றிச் சொல்லவேண்டும். தலையில் ஒரு முடியும் இல்லாத மனிதர், இருக்கிற அத்தனை அக்கறையையும் மீசையில் கொட்டினார். காலையில் தேங்காய் எண்ணெய், மாலையில் சின்னச் சீப்பு. அண்ணி சொல்வார்: "பொண்ணு பாக்க வந்தப்ப மீசதான் மொதல்ல உள்ள வந்துச்சு. ஆளு பின்னாடிதான் வந்தாரு. நான் மீசைக்குத்தான் சரின்னு சொன்னேன்." சொல்லிவிட்டு அவரைப் பார்ப்பார். அவர் சுவரைப் பார்ப்பார். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் வெட்கப்படுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அந்த மீசைக்குத்தான் வந்தது வினை.

அண்ணியின் தம்பி, கோல சிலாங்கூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தார். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்கள் வந்தார்களா இல்லையா என்று பேர் கூப்பிட்டுப் பதிந்தே வயதான மனிதர். பேச்சும் அப்படியே இருக்கும், சரி அல்லது தப்பு. அவர் பேத்தியின் காதுகுத்து விருந்தில் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். பஸ் அண்ணன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, ஈஜோக்கில் தன் வாசலிலிருந்து இந்த வாசல்வரை தார் படாமல் வரலாம் என்று சொல்லிவிட்டார்.

"முடியாது மச்சான்" என்றார் கிராணி. "அந்த ஏரியாவோட மேப்பு என் மண்டைக்குள்ள இருக்கு. அஞ்சு தார் ரோடு குறுக்க வரும்."

"குறுக்க வந்தா தூக்கிட்டு தாண்டுவேன். டயரு படாதுல்ல?"

"அம்பது கிலோமீட்டருக்கு மேல வருமே. எங்கயாவது பட்டுரும்."

"பட்டா மீசைய எடுத்துர்றேன்."

பந்தியில் எல்லாக் கைகளும் நின்றன. அப்பளம் நொறுங்கும் சத்தம்கூட இல்லை. நம் ஆட்களில் மீசையை வைத்துப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர். அதைப் பேச்சாகவே விட்டுவிடுவதுதான் ஊர் வழக்கம். ஆனால் பேசியவர் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டார்.

"தீபாவளிக்குள்ள" என்றார் கிராணி.

"தீபாவளிக்குள்ள."

"சாட்சி?"

பஸ் அண்ணன் என்னைக் காட்டினார். "இந்தப் புள்ள கம்பெனில குவாலிட்டி பாக்குது. ஒரு கோடு விழுந்திருந்தாலும் தூக்கிப் போட்டுரும். பொய் சொல்லாது."

வாயில் பாயசம் இருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை.

அடுத்த நாலு மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த மீசைக்காகவே கழிந்தன. ஐந்து சாலைகளையும் கடக்க இடம் கிடைத்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் ஒரு பெரிய வாய்க்கால், பாலம் தார், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க இடமில்லாமல் லோரி ஓடும். பஸ் அண்ணன் வாய்க்கால் ஓரமாகவே இரண்டு வாரம் அலைந்து, ஒரு ஜாவாக்காரப் பெரியவர் தன் தோட்டத்துக்குப் போக இரண்டு தென்னந்தண்டைப் போட்டு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு டின் முறுக்கோடு போய் அனுமதி கேட்டோம். பெரியவருக்கு விஷயம் முழுவதும் விளக்கினோம். மீசை என்றதும் சிரித்தவர், அன்றைக்கு முழுவதும் சிரிப்பை நிறுத்தவில்லை. பிறகு தானே ஒரு மூங்கிலை வெட்டிக் கைப்பிடியாகக் கட்டிக்கொடுத்தார்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு புறப்பட்டோம். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. அண்ணி வாசலில் நின்று, "இந்த மனுசன் மீசையோட வரட்டும்னு வேண்டிக்கிட்டேன், நீ கொஞ்சம் பாத்துக்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

முதல் சாலையைத் தாண்டினார். நான் சாட்சி என்பதால் ஒவ்வொரு முறையும் முன்னாலேயே கடந்து போய், குனிந்து பார்க்க வேண்டும். இரண்டாவதில் வேன் ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி, பின்னால் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். நன்றி சொல்லி அனுப்பினார். மூன்றாவதில் கால் வழுக்கி, சைக்கிள் சாய்ந்து, டயருக்கும் தாருக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான். அப்படியே ஒற்றைக் காலில் நின்று சமாளித்தார். நான் கத்திய கத்தலில் மரத்திலிருந்த குரங்கு இறங்கி ஓடியது. தென்னந்தண்டைத் தாண்டினோம். நாலாவது சாலையும் முடிந்தது. அவருக்குத் தோள்பட்டை சிவந்துபோயிருந்தது. மீசை மட்டும் எண்ணெய் மின்ன அப்படியே நின்றது.

ஐந்தாவது ஒரு குறுகலான தார் ரோடு. அதைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டம், அதன் மறுமுனையில் கிராணி வீடு. பன்னிரண்டு மணி இருக்கும். நான் வழக்கம்போல் முன்னால் கடந்து நின்றேன். அவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாரில் கால் வைத்தார்.

கொஞ்சம் தள்ளி ஒரு பிணவண்டி நின்றது. தோட்டத்து இடுகாடு நான் நின்ற பக்கத்து மேட்டில். மழையில் பாதை குழைந்து கிடந்ததால் வண்டி ஏறவில்லை போலும். பெட்டியைக் கையால் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஆறு பேர் தூக்க வேண்டிய பெட்டி. இருந்தது ஐந்து ஆண்கள், வண்டி ஓட்டி வந்தவரையும் சேர்த்து. அதில் ஒரு தாத்தாவுக்கு எண்பது வயது இருக்கும். பெட்டி அவர் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. அவர் முட்டி நடுங்குவது எனக்கே தெரிந்தது.

பஸ் அண்ணன் சைக்கிளைக் கீழே போட்டார். சாலை நடுவில். தாரின்மேல்.

ஓடிப்போய்த் தாத்தாவின் பக்கம் கையைக் கொடுத்தார். பெட்டி நிமிர்ந்தது. தாத்தாவை மெல்ல விலக்கிவிட்டு, அந்த இடத்தில் இவர் தோளைக் கொடுத்து, மேட்டில் ஏறத் தொடங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளின் பின் சக்கரம் தாரில் கிடந்தபடியே சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அந்த இடத்திலிருந்து புல்லுக்கு ஏழு அடிதான் என்று எண்ணிப் பார்த்ததும் நான்தான். வேலைப் பழக்கம்.

வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். போய்ச் சேர்ந்து நின்றேன். இறந்தவர் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவராம். ஒரே மகன்.

"மகன் கப்பல்ல வேல மா. கப்பல் நடுக்கடல்ல நிக்குது. வீடியோல காட்டினோம். அழுதுச்சு புள்ள" என்றார் ஒருவர். "லயத்துல இப்ப யாரு இருக்கா? எல்லாம் டவுனுக்குப் போயாச்சு. ஒங்க ஆளு யாரு மா? சொந்தமா?"

"இல்ல க்கா. சைக்கிள்ல வந்தோம்."

அரை மணி நேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். கையெல்லாம் சிவப்பு மண். மூன்று கைப்பிடி மண் போடுவார்களே, அதையும் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். வண்டியில் இருந்த தண்ணீரில் கைகால் கழுவி, தலையிலும் ஊற்றிக்கொண்டார். சைக்கிளைப் பார்த்தார்.

"அண்ணே, நான் பாக்கல" என்றேன்.

"நீ பாக்கலன்னா என்னா? நான்தான போட்டேன்."

"ஓட்டலயே அண்ணே! சும்மா கெடந்துச்சு."

"டயரு படாதுன்னுதான் சொன்னேன். நாப்பது பேரு முன்னாடி."

"ஏழடி தள்ளிப் புல்லுல வச்சிருக்கலாம்ல?"

"அந்தத் தாத்தா ஏழடி தாங்க மாட்டாரு மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாத உழைப்பு, அட்டைக்கடி, முறுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா வா. இனிமே என்னா? தார்லயே போலாம்" என்று ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதரின் முழு வேகமும் அதில் இருந்தது. வளைவில் கையைக் காட்டித் திரும்பினார். எனக்கு மூச்சு வாங்கியது. கார்களெல்லாம் எங்களை முந்தாமல் பின்னாலேயே வந்தன.

கிராணி வாசலில் காத்திருந்தார். நாங்கள் தார் ரோட்டுப் பக்கமிருந்து வருவதைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டே எழுந்தார். பஸ் அண்ணன் இறங்கி, "தோத்துட்டேன் மச்சான்" என்று மட்டும் சொன்னார். மீதியைச் சாட்சி சொல்ல வேண்டும் அல்லவா, நான் சொன்னேன். எந்தத் தோட்டம் என்று கிராணி கேட்டார். சொன்னேன். கப்பலில் மகன் இருக்கிறான் என்றேன்.

அவர் முகம் மாறியது. "உதிரி பொறுக்குற அம்மாவா?" என்றார். "இருபது வருசம் காலைல பேரு கூப்பிட்டிருக்கேன். ஒரு நாளு வராம இருந்தது இல்ல. இன்னிக்கா? எனக்கு யாருமே சொல்லலயே." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து பஸ் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், மீசைல கை வச்சீங்கன்னா நான் ஒங்க வீட்டுப் படி ஏற மாட்டேன். பந்தயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நாப்பது பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்லிர்றேன்."

மீசை பிழைத்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணிக்கு உடனே தகவல் அனுப்பினேன். அண்ணி கும்பிடும் கைகளை ஆறு அனுப்பினார். சாப்பிட்டோம். பஸ் அண்ணன் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பேசினார்.

திரும்பும்போது கோல சிலாங்கூர் டவுனில், கடைவரிசையில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு முன்னால் பிரேக் பிடித்தார். "ரெண்டு நிமிசம் மா" என்றார். தலையில்தான் ஒன்றும் இல்லையே, முகச்சவரம் போலும் என்று நானும் பின்னால் போனேன்.

நாற்காலியில் உட்கார்ந்து மேலுதட்டைக் காட்டினார். "எடுத்துரு."

"அண்ணே!" என்று கத்திவிட்டேன். "பந்தயம்தான் இல்லன்னு ஆயிருச்சே!"

கடைக்காரத் தம்பியும் கத்தியை எடுக்காமல் நின்றான். நம் ஆட்களில் இப்படிப்பட்ட மீசையை ஒருவர் திடீரென்று எடுக்கச் சொன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டான்.

"யாருண்ணே தவறிட்டாங்க?"

பஸ் அண்ணன் கண்ணாடியில் தன் மீசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒரு அம்மா" என்றார். "மகன் கப்பல்ல இருக்கான். வந்து சேர நாளாகும்."